மரம் அறுக்கும் மெஷினுக்கு எந்த ஆயில் கொடுப்பது?

போன மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டு நின்றபோது, பேராவூரணிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்தார். "அய்யா, செயின்சாவுக்கு டூ-டி ஆயில் கேட்டு வர்றாங்க. கடையில மூணு விதமான பாட்டில் இருக்கு. எதை எடுத்துக் கொடுக்கறது? விலை குறைஞ்சதையா, கூடினதையா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே நல்ல விஷயம். 2018-ல் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததால் எனக்கு நஷ்டமும் வந்தது, கெட்ட பெயரும் வந்தது. அந்தக் கதையையும், அதற்குப் பிறகு மெக்கானிக்குகளிடம் கேட்டும் மெஷினோடு வரும் கையேடுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதையும் நம் இதழில் எழுதினால் நாலு கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்று ஆசிரியர் சொன்னதால் எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். இன்ஜினீயர் சொல்வது போல என்னால் சொல்ல முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவுதான் சொல்கிறேன்.

நான் ஆயில் மொத்த வியாபாரத்துக்கு வந்த காலத்தில் டூ-டி ஆயில் என்றால் பணம். டி.வி.எஸ். 50, லூனா, சுவேகா, பஜாஜ் ஸ்கூட்டர், ஆட்டோ, பிறகு வந்த ஆர்.எக்ஸ். 100 எல்லாமே டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோல் பங்கில் ஆயிலுக்கென்று தனியாகக் கைப்பம்பு ஒன்று நிற்கும். பெட்ரோல் போடுவதற்கு முன் அதில் ஒரு அமுக்கு அமுக்கி ஆயிலை விடுவார்கள். பெட்டிக் கடையில்கூட 20 மில்லி, 40 மில்லி பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். நாங்கள் 210 லிட்டர் பேரலாக இறக்கி, கேனில் அளந்து சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்போம். யாரும் எந்த ரகம் என்று கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. புகை அதிகம் என்பதால் 1999 ஏப்ரலிலிருந்து புகை குறைந்த ரகம்தான் விற்க வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டு வந்தது. அப்போதுகூட பேரலில் ஒட்டியிருக்கும் லேபிளை நான் ஒழுங்காகப் படித்தவன் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. 2015-ல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வந்ததும் மொபெட்டும் மாறியது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி வந்தபின் புதிய டூ ஸ்ட்ரோக் மொபெட் விற்பனைக்கு வருவது நின்றது. என் குடோனில் ஒன்றரைப் பேரல் டூ-டி ஆயில் அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முடங்கிய முதல்தான் என் கண்ணில் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நம் பகுதிக்கு அது என்ன செய்தது என்று இந்த இதழ் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் ஒரு தலைமுறை வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்தது. ரோட்டை அடைத்த மரம், வீட்டின் மேல் விழுந்த மரம், தோப்புக்குள் ஆள் நுழைய முடியாமல் குறுக்கும் நெடுக்கும் கிடந்த மரம். அரிவாளும் கோடரியும் வைத்து எத்தனை நாளைக்கு வெட்டுவது? கரண்டும் கிடையாது. பெட்ரோலில் ஓடும் செயின்சா ஒன்றுதான் வழி. பத்து நாளில் நம் பகுதிக்குள் எங்கிருந்தெல்லாமோ மெஷின் வந்து இறங்கியது. ஐரோப்பிய கம்பெனி மெஷின் வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் 58 சிசி, 22 அங்குல பார் போட்ட சீனத்து மெஷினை வாங்கினார்கள். வட்டிக்கு வாங்கியவர்கள், மனைவியின் தோட்டை அடகு வைத்து வாங்கியவர்கள் எல்லாம் எனக்குத் தெரியும். தோப்பும் போய், வேலையும் இல்லாத பையன்களுக்கு அந்த மெஷின்தான் சோறு போட்டது.

செயின்சாவுக்கு டூ-டி ஆயில் வேண்டும் என்று சில்லறைக் கடைகளிலிருந்து ஆள் வந்ததும் எனக்கு அந்த ஒன்றரைப் பேரல் நினைவுக்கு வந்தது. கேன் கேனாக அளந்து கொடுத்தேன். ஒரு கடைக்காரர், "அண்ணே, இது வண்டிக்குப் போடற ஆயிலாச்சே, மெஷினுக்கு ஆகுமா?" என்று கேட்கத்தான் செய்தார். "டூ-டி எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்று சொன்னேன். பன்னிரண்டு நாளில் ஒன்றரைப் பேரலும் காலி. லிட்டருக்கு நல்ல லாபம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பையன் அந்தக் கடைக்காரரோடு என் கடைக்கு வந்தான். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து என் மேஜை மேல் வைத்தான். பிஸ்டனின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஆணியால் கீறியதுபோல் கோடு கோடாக இருந்தது. ரிங் அசையவில்லை, அப்பிக்கொண்டிருந்தது. மெஷின் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவனைப் போல் இன்னும் மூன்று பேருக்கு இன்ஜின் சீஸ் ஆகியிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். "நீங்கதானண்ணே எல்லாம் ஒண்ணுன்னீங்க" என்று ஒரு வார்த்தைதான் அவர் கேட்டது. நான்கு பேருக்கும் பிளாக்-பிஸ்டன் செட் வாங்கிக் கொடுத்து, பழுது பார்க்கும் கூலியும் கொடுத்தேன். பேரலில் வந்த லாபம் முழுவதும் அதில் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் இன்றுவரை என் கடைப் படி ஏறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கொடுக்கல் வாங்கல் இருந்தவர்.

தஞ்சாவூரில் பம்பு, மெஷின் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அந்தப் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் அடியில் தனியாகக் கிடக்கும், சுற்றிச் சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி ஆயில் தங்கும் இடமே இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, பிறகு பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகிறது. ஆகையால் இந்த ஆயில் இரண்டு வேலை செய்ய வேண்டும். இருக்கிறவரை வழுக்க வேண்டும். எரியும்போது கரி வைக்காமல் எரிய வேண்டும். மொபெட் இன்ஜின் ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஐந்தாயிரம் ஆறாயிரம் சுற்று சுற்றும். வண்டி போகும்போது காற்றும் முகத்தில் அடிக்கும். செயின்சா அப்படியில்லை. சுமையில்லாமல் முழு ஆக்ஸிலேட்டரில் 12,000 சுற்றுக்கு மேல் போகக்கூடிய மெஷின்கள் உண்டு. அதற்குக் காற்று தருவது அதிலேயே இருக்கும் சின்ன விசிறி ஒன்றுதான். அந்த விசிறியும் மரத்தூளுக்கு நடுவே சுற்றுகிறது. அதுவும் தென்னை மரம் வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, மண்ணில் விழுந்து புரண்ட மரம் வேறு. செயின் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய செயினை வைத்து அமுக்கி அமுக்கி அறுத்தால் இன்ஜின் இன்னும் சூடேறும். என் பேரல் ஆயில் மொபெட்டுக்குக் கெட்ட ஆயில் இல்லை. இந்தச் சூட்டுக்கு அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான். போதாததற்குப் பையன்கள் மூடியால் கண் அளவு பார்த்து ஊற்றியிருக்கிறார்கள்.

இப்போது அந்த இளைய உறுப்பினரின் மூன்று பாட்டிலுக்கு வருகிறேன். மறுநாளே அவர் கடைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றிலும் முன்பக்கம் பெரிதாக டூ-டி என்று போட்டிருந்தது. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெட்ரோலில் ஆயில் கலந்தாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிவதற்காகப் போடும் சாயம் அது. நாம் படிக்க வேண்டியது பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும் வரி.

அந்த வரியில் ஜாசோ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். ஜப்பான் நாட்டு வாகனத் துறை வைத்திருக்கும் தரம் அது. அதன் பின்னால் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று எழுத்து வரும். எஃப்.பி. என்பது பழைய, சாதாரண ரகம். எஃப்.சி. புகை குறைந்தது. எஃப்.டி. புகையும் குறைவு, அதிகச் சூட்டிலும் பிஸ்டனையும் ரிங்கையும் கரி பிடிக்காமல் சுத்தமாக வைத்திருக்கும். ஐ.எஸ்.ஓ. தரத்தில் இதே வரிசையை ஈ.ஜி.பி., ஈ.ஜி.சி., ஈ.ஜி.டி. என்று போட்டிருப்பார்கள். கடைசி எழுத்தைப் பார்த்தால் போதும். செயின்சாவுக்குக் கடைசி எழுத்து 'டி' உள்ளதைக் கொடுங்கள். அது கிடைக்காத இடத்தில் 'சி'. சில பாட்டிலில் ஏ.பி.ஐ. டி.சி. என்று மட்டும் இருக்கும். அது காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான அமெரிக்கத் தரம். பல கையேடுகளில் அதையும் ஏற்கிறார்கள்.

இளையவர் கடையில் இருந்த நீலப் பாட்டில் எஃப்.பி. பச்சை எஃப்.டி. சிவப்புப் பாட்டிலைத் திருப்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டி.சி.டபிள்யூ. 3 என்று இருந்தது. அது படகுக்குப் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கான ஆயில். அந்த மோட்டார் தண்ணீரில் குளிரும் இன்ஜின். சூடு குறைவு என்பதால் அந்த ஆயிலின் சேர்மானமே வேறு. விலை அதிகம்தான், நல்ல சரக்குதான். ஆனால் காற்றில் குளிரும் செயின்சாவுக்கு அது பொருந்தாது. மூன்றிலும் விலை கூடியது அந்தச் சிவப்புப் பாட்டில்தான். "விலை கூடினதுதான் நல்லதுன்னு நேத்துகூட ரெண்டு கொடுத்தேன் அய்யா" என்றார். இரண்டு பேரும் தெரிந்த ஆட்கள் என்பதால் போன் போட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இன்னொரு தவறும் நடக்கிறது. டூ-டி இல்லாத கடையில் பைக்குக்குப் போடும் 20 டபிள்யூ 40 ஆயிலை எடுத்துக் கொடுக்கிறார்கள். அது ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில். பெட்ரோலில் சரியாகக் கரையாது. எரிந்தால் சாம்பல் வைக்கும், பிளக் அடைக்கும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லி அனுப்புவதே மேல்.

அடுத்தது அளவு. பாதி மெஷின் அளவுக் கோளாறில்தான் போகிறது. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 40-க்கு 1 என்றால் 25 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த மெஷினுக்கு எது என்று அதன் கையேட்டில் இருக்கும், சிலவற்றில் டேங்க் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். சீனத்து மெஷின்கள் பலவற்றில் 25-க்கு 1 என்று போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய மெஷின்களில் பெரும்பாலும் 50-க்கு 1. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிக் கையேட்டில், தங்கள் ஆயில் போட்டால் 50-க்கு 1, வெளி ஆயில் போட்டால் 25-க்கு 1 அல்லது 33-க்கு 1 என்று இரண்டு கணக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆகவே வாடிக்கையாளரிடம் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தொலைத்துவிட்டேன் என்றால் மெஷினின் பெயரையும் மாடலையும் கேட்டு, விற்ற டீலரிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.

"எண்ணெய் கூட ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படி நினைத்தவன். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. கார்புரேட்டர் வழியாகப் போகும் கலவையில் காற்று மிகுந்து இன்ஜின் சூடாகத்தான் ஓடும். சைலன்சர் வாயில் கரி அடையும், பிளக் கறுத்து நனையும், புகை கக்கும். ஆயில் குறைந்தாலோ என் மேஜை மேல் வந்த பிஸ்டன் கதைதான்.

மூடி அளவை நம்ப வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் (ஊசி வேண்டாம்) வாங்கி வைத்து, ஆயில் வாங்குபவருக்கு ஒன்று இலவசமாகக் கொடுங்கள். நான் நாலைந்து வருடமாகக் கொடுக்கிறேன். கம்பெனி ஸ்கீமில் தரும் டீ-ஷர்ட்டைவிட அதற்குத்தான் மரியாதை. இல்லாவிட்டால் 100 மில்லி பாட்டில் கிடைத்தால் வாங்கி வையுங்கள். 5 லிட்டர் கேனுக்கு ஒரு பாட்டில் முழுவதும் ஊற்றினால் சரியாக 50-க்கு 1. முதலில் கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல், மறுபடி நன்றாகக் குலுக்க வேண்டும். டேங்கில் தனியாக ஆயிலை விட்டு மேலே பெட்ரோல் ஊற்றுவது மொபெட் பழக்கம். செயின்சாவுக்கு அது ஆகாது.

விலையைப் பற்றிப் பேசாமல் வியாபாரப் பத்திரிகையில் எழுத முடியுமா? லூஸ் ஆயில் லிட்டர் 220 ரூபாய், எஃப்.டி. சீல் பாட்டில் 400 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்றால் லூஸில் 4 ரூபாய் 40 காசு, பாட்டிலில் 8 ரூபாய். வித்தியாசம் 3 ரூபாய் 60 காசு. நாள் முழுவதும் அறுப்பவர் 4 லிட்டர் எரித்தாலும் 15 ரூபாய் ஆகவில்லை. ஒரு டீ, வடைக் காசு. வெளி ஆயிலுக்கு 40 மில்லி ஊற்றச் சொல்லும் மெஷினாக இருந்தால் லூஸில் 8 ரூபாய் 80 காசு ஆகிவிடுகிறது. கையேடு 20 மில்லிக்கு ஒப்பும் 400 ரூபாய் ஆயிலைவிட அதுவே அதிகம். இதை வாடிக்கையாளர் முன்னால் துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டுங்கள். பேரம் பேசுபவர்கூட அடங்கிவிடுவார். நமக்கு லூஸில் நிற்கும் லாபம் பாட்டிலில் நிற்காது என்பது உண்மைதான். நான் லூஸ் விற்பதை 2019 பொங்கலோடு நிறுத்தினேன். முதல் வருடம் கையைக் கடித்தது.

செயின்சாவில் இரண்டு டேங்க் உண்டு என்பது புதிதாக வாங்குபவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று பெட்ரோல்-ஆயில் கலவைக்கு. இன்னொன்று செயினுக்கும் பாருக்கும் சொட்டும் ஆயிலுக்கு. "மெஷின் ஆயில் கொடுங்க" என்று கேட்டால் எந்த டேங்குக்கு என்று திருப்பிக் கேளுங்கள். செயின் டேங்கில் வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றுவது நம் பக்கம் சகஜம். அதில் இரும்புத் துகள் இருக்கும், ஆயில் பம்பும் பாரும் தேயும், அறுப்பவன் கையிலும் முகத்திலும் தெறிக்கும். செயின் ஆயில் என்றே தனியாக வருகிறது, சுற்றும்போது சிதறாமல் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பு உள்ளது. டூ-டி ஆயிலோடு அதையும் வாங்கி வைத்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் தலைவலி எத்தனால். 2022-லேயே பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. 2023-லிருந்து 20 சதவீதப் பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்து இன்று எங்கும் அதுதான். பல செயின்சாக் கையேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம். கலந்து வைத்த பெட்ரோலை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடி சரியில்லாத கேனில் மாதக்கணக்கில் வைத்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷினின் டேங்கில் உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பது அடியில். அப்புறம் ஆயில் இல்லாத சரக்கைத்தான் அது குடிக்கும். எவ்வளவு நல்ல ஆயில் விற்றாலும் பழி நம் மேல்தான் விழும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து மெஷினைக் கட்டி வைக்கிறவர் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டி வைக்க வேண்டும். பெட்ரோலை நாமே கலந்து பாட்டிலில் விற்கலாமே என்று ஒருவர் கேட்டார். உரிமம் இல்லாமல் கடையில் பெட்ரோல் வைத்து விற்பது சட்டப்படி குற்றம். பக்கத்துக் கடையையும் சேர்த்துக் கொளுத்தும் காரியம். அந்த யோசனையே வேண்டாம்.

போலிச் சரக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காலி பாட்டிலை நல்ல விலைக்கு எடுக்க ஆள் வருகிறது என்றால் எதற்கு என்று யோசியுங்கள். மூடிக்கு உள்ளே இருக்கும் அலுமினியச் சீல் கோணலாகவோ பசையோடோ இருந்தால், பேக்கிங் மாதம் அழிந்திருந்தால், பில் இல்லாமல் வேனில் வந்து இறங்கினால், வாங்க வேண்டாம். நான் காலி பாட்டிலை எல்லாம் ஆணியால் குத்திவிட்டுத்தான் பழைய சாமான்காரருக்குப் போடுகிறேன்.

இளையவர் கடையில் இருந்த சிவப்புப் பாட்டில்களைச் சேதுபாவாசத்திரத்தில் படகுச் சாமான் விற்கும் கடைக்கு மாற்றிவிட்டோம். நீலப் பாட்டில் பதினான்கு இருந்தது. அவற்றை நான் எடுத்துக்கொண்டு அந்த விலைக்குப் பச்சைப் பாட்டில் கொடுத்தேன். பழைய டி.வி.எஸ். 50 இன்னும் நாலைந்து பேர் நம் ஊரில் ஓட்டுகிறார்கள். அதில் ஒருவர் இரண்டு பாட்டில் கேட்டிருக்கிறார், இந்த வாரம் வருவார்.